பெரிய நாயும் பெரிய பொறுப்பும்

வீட்டில் நாய் வளர்ப்பது தமிழர்க்குப் புதிதன்று. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என ஊர்ப்பெயர்களையே தம் பெயராகக் கொண்ட நாயினங்கள் தமிழ்நாட்டில் உள்ளன. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டில் வெளியிட்டது. அந்நாய்கள் வீட்டையும் தோட்டத்தையும் காத்தன. அவை ஓடித் திரிய நிலமும் இருந்தது. இன்றோ தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற பெருநகரங்களில் ராட்வீலர், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்டு முதலிய பேருருவ நாய்கள் அடுக்குமாடி வீடுகளின் இரண்டு மூன்று அறைகளுக்குள் வளர்கின்றன. அவை வெளியே வரும் மாடிப்படியும் மின்தூக்கியும் பூங்காவும் எல்லார்க்கும் பொதுவானவை. அங்கு அவற்றை அழைத்து வருபவரின் கடமை யாது என்பதே இங்கு எழும் வினா.

நன்கு வளர்ந்த ஆண் ராட்வீலர் ஏறத்தாழ 50 கிலோ எடையுள்ளது. கிரேட் டேன் 60 கிலோவுக்கு மேலும் வளரும். ஐந்தாம் வகுப்பில் பயிலும் சிறுவனின் எடை 30 கிலோ அளவே இருக்கும். தன்னைப்போல் இருமடங்கு கனமுள்ள விலங்கு விளையாட்டாகத் தாவினாலும் அவன் கீழே விழுவான். முதியவராயின் இடுப்பெலும்பு முறியவும் கூடும். கடித்தால்தான் தீங்கு என்பதில்லை. சிறிய நாய் செய்யும் அதே பிழையைப் பெரிய நாய் செய்யும்போது விளைவு வேறாகிறது. ஆதலால், நாயின் உருவம் பெருகப் பெருக உரிமையாளரின் பொறுப்பும் பெருக வேண்டும்.

இது வெறும் அச்சமன்று. 2022ஆம் ஆண்டில் இலக்னோ நகரில் வீட்டில் வளர்த்த பிட்புல் நாய் தாக்கியதில் அவ்வீட்டு மூதாட்டி உயிரிழந்தார். அதே ஆண்டு காசியாபாத்தில் மின்தூக்கிக்குள் வளர்ப்பு நாய் ஒன்று சிறுவனைக் கடித்தது. வலியால் துடித்த அவனுக்கு நாயின் உரிமையாளர் உதவாமல் நின்றதைக் கண்காணிப்புக் கேமரா காட்டியது. 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின் சில நாயினங்களையே தடை செய்ய வேண்டும் என்னும் குரல் எழுந்தது. 2024 மார்ச் மாதத்தில் நடுவண் அரசு 23 நாயினங்களுக்கு உரிமம் வழங்க வேண்டா என மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. உரியோரின் கருத்தைக் கேளாமல் பிறப்பித்தது எனக் கூறி, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை நீக்கியது. தடை எளிய வழிபோல் தோன்றும். ஆயினும் முழுத்தீர்வு ஆகாது. கலப்பின நாயை எப்பட்டியலில் சேர்ப்பது? பட்டியலில் இல்லாத பெரிய நாயைக் கட்டின்றி விட்டால் அது தீங்கு செய்யாதா? நாயின் இயல்பில் இனத்துக்குப் பங்குண்டு, வளர்ப்புக்கும் பங்குண்டு. குட்டியாய் இருந்த முதற்சில மாதங்களில் மனிதரோடும் பிற நாய்களோடும் பழகாமல் பூட்டிய அறையில் வளர்ந்த நாய், புதியவரைக் கண்டு அஞ்சும். அஞ்சும் நாயே பெரும்பாலும் கடிக்கும்.

தடை வேண்டா என்போர் கூறும் விடையும் நிறைவானதன்று. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்பது அவர்தம் வழக்கமான சொல். அவர் தம் நாயை அறிவார். எதிரே வரும் குழந்தை அறியாது. அந்த நாயும் அக்குழந்தையை அறியாது. பொது இடத்தில் நம்பிக்கையை மட்டும் காவலாகக் கொள்ளலாகாது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியவை எவை? வீட்டைவிட்டு வெளியே வந்தவுடன் நாயைக் குட்டையான, உறுதியான வாரில் பிடிக்க வேண்டும். நாய் இழுத்தால் நிறுத்தும் வலிமை உடையவரே அதைப் பிடிக்க வேண்டும். சிறுவரிடம் கொடுத்தனுப்புதல் தவறு. பயிற்சியில்லாத வீட்டுப் பணியாளரிடமோ காவலாளியிடமோ நாயை ஒப்படைப்பதும் தவறே. மறுத்தால் வேலை போய்விடுமோ என அஞ்சி அவர் வாரைப் பிடிக்கிறார். கடிபட்டால் துன்பம் அவருடையது. கூட்டமான இடத்தில் வாய்மூடி அணிவிப்பது நலம். நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். எனவே அதற்கு இடந்தரும் கூண்டு போன்ற வாய்மூடியே ஏற்றது. மின்தூக்கியில் குழந்தை இருப்பின் அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சி அமைப்பின் உரிமமும் தவறாது பெற வேண்டும்.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. தன்னிடமுள்ள விலங்கால் மனிதர்க்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறுபவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கிறது. நொய்டா நகர நிருவாகம் 10,000 ரூபாய் தண்டத்தோடு, காயமுற்றவரின் மருத்துவச் செலவையும் உரிமையாளரே ஏற்க வேண்டும் என விதி வகுத்தது. மறுபுறம், விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, நாயை எந்நேரமும் கட்டிவைத்து, நடைப்பயிற்சி தராமல் இருப்பதையும் குற்றமாக்குகிறது. ஆகவே, கட்டின்றித் திரிய விடுதலும் கூடாது. கட்டியே வைத்தலும் கூடாது. நாள்தோறும் நேரம் ஒதுக்கி உடன் நடக்க இயலாதவர் பெரிய நாயை வாங்காதிருப்பதே நன்று.

அண்டை வீட்டார்க்கும் கடமை உண்டு. நாய் வளர்ப்பதையோ அதை மின்தூக்கியில் அழைத்து வருவதையோ குடியிருப்போர் சங்கங்கள் தடை செய்யலாகாது என இந்திய விலங்கு நல வாரியம் அறிவுறுத்தியுள்ளது. 1962இல் ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு தொடங்கிய இவ்வாரியம் நெடுங்காலம் சென்னையில் இயங்கியது. சிறுவரும் உரிமையாளரைக் கேளாமல் நாயைத் தொடுதல், உண்ணும்போது நெருங்குதல், அதன் முன் கூச்சலிட்டு ஓடுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கடிபட்டால் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உரிமையாளரின் அலட்சியத்தால் துன்புறுவோர் அயலார் மட்டும் அல்லர். ஒருமுறை கடித்த நாயை அதன் பின் எவரும் விரும்புவதில்லை. சிலர் அதைத் தெருவில் விட்டுச் செல்கின்றனர். பூங்கா வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையை நாயால் படிக்க இயலாது. படிக்க இயன்றவர் வாரைப் பிடித்திருப்பவரே. எனவே விதியைக் காக்கும் கடமையும் அவருடையதே.

சிந்தித்து விடையளிக்க:
1. "எங்கள் நாய் ஒன்றும் செய்யாது" என்னும் விடை ஏன் போதாது?
2. நாயினங்களைத் தடை செய்வது பற்றி உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
3. உம் குடியிருப்பில் பெரிய நாய் வளர்ப்போர்க்கான ஐந்து விதிகளை வகுத்து எழுதுக.