பின்பனியும் பாலைக்குரியதே

தமிழ் மரபு பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் இயல்பு திரிந்து வறண்ட நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அதற்கு வேனிலோடு பின்பனியையும் உரிய காலமாக்கியது தொல்காப்பியம். இவ்விலக்கணத்தைப் போடிமெட்டுச் சரிவில் நாம் கண்ணாரக் காணலாம். மார்கழியில் ஏலத்தோட்டங்களைப் பனிமூட்டம் போர்த்துகிறது. மாசியில் அடிவாரப் புல் சருகாகிறது. 2018 மார்ச் 11 அன்று அருகிலுள்ள குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினருள் 20க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். அதுவும் மாசித் திங்களே.

நம் மாணவர்களோ பனிமூட்டத்தை மட்டும் படமெடுத்துத் திரும்புகின்றனர். அழகைப் பதிவது தவறன்று. வறட்சியைப் பதியாது விடுவதே குறை. இயற்கையியலார் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே நம் காடுகளுக்குச் சான்று வைத்துச் சென்றார். நாமும் ஓரிடத்தைத் தேர்ந்து, மார்கழியிலும் மாசியிலும், ஆண்டுதோறும் நாள் குறித்துப் படமெடுப்போம். நிழல்மரங்கள் குறைந்தனவா, ஓடை முன்னதாகவே வற்றியதா என்பதற்கு அப்படங்களே சாட்சி கூறும்.

ஏலம் நிழலையும் ஈரத்தையும் நம்பிய பயிர். அப்பயிரை நம்பியது நம் ஊர். திணையைத் தேர்வுக்காகப் படிப்பது மட்டும் போதாது. குறிஞ்சி பாலையாவதைக் கண்டு முன்னரே உரைப்பதும் தமிழ் மாணவர் கடனேயாகும்.