ஓலை வாசிக்கும் முன்னே

மண்டபம் பேசி முடித்தாயிற்று. அழைப்பிதழ் அச்சாகி உறவினர் வீடுகளுக்குப் போய்விட்டது. கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. இந்த நிலையில்தான் எங்கள் அக்காமார் பலர், "திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வா" என்று அனுப்பப்படுகிறார்கள். இரண்டு மூன்று நாள் வகுப்பு. குருவானவர் திருவருட்சாதனத்தைப் பற்றிப் பேசுவார். மருத்துவர் உடல்நலம் பற்றிச் சொல்வார். மணமாகி ஆண்டு பல கண்ட தம்பதியர் வரவு செலவு, மாமியார் மருமகள், கோபதாபம் ஆகியவை பற்றி மனம் திறப்பார்கள். (பகல் உணவுதான் பலருக்கு நினைவில் நிற்கிறதாம்!)

வகுப்புகளைக் குறை கூற நாங்கள் வரவில்லை. அவை நல்லவையே. காலந்தான் பிந்திவிடுகிறது என்கிறோம்.

திருமணத்தின் உயிர்நாடியாகத் திருச்சபை கருதுவது எதனை? தாலியையா, விருந்தையா? இருவரின் சம்மதத்தை அன்றோ! பீடத்தின் முன் குருவானவர் மணமக்களிடம் முதலில் கேட்பதே, கட்டாயமின்றி முழுமனச் சுதந்திரத்தோடு வந்திருக்கிறீர்களா என்பதுதான். பலவந்தத்தாலோ, பிறரால் உண்டான பெரும் அச்சத்தாலோ செய்த திருமணம் செல்லாது என்கிறது 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. பெற்றோரின் மனவருத்தத்துக்கு அஞ்சித் தலையாட்டுவதும் சில வேளைகளில் இந்த அச்சத்தில் அடங்கும்.

ஓலை வாசித்தபின் வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, "இவர் குடிப்பார் போலிருக்கிறதே, நகை போதாதென்று இப்போதே முகம் சுளிக்கிறார்களே" என்று தோன்றினால் என்ன செய்வாள்? அப்பா கடன் வாங்கி முன்பணம் கொடுத்துவிட்டார். அடுத்துத் தங்கை காத்திருக்கிறாள். ஊர் என்ன சொல்லும்? வாய் திறவாமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவாள். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று அங்கே கேட்டு யாருக்கு என்ன பயன்? பணந்தான் கைமாறிவிட்டதே!

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் குடும்பம் பற்றி எழுதிய மடலில், இந்தத் தயாரிப்பின் முதற்படி குழந்தைப் பருவத்தில் வீட்டிலேயே தொடங்குகிறது என்றார். கடைசிப் படிக்குக்கூட அவர் குறித்தவை திருமணத்துக்கு முந்திய மாதங்களும் வாரங்களுமே. 2022-ல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி இன்னும் ஒரு படி மேலே போய், ஞானஸ்நானம் பெற விரும்பும் பெரியவர்களை ஆயத்தம் செய்வதுபோல் இதற்கும் நீண்ட பயிற்சி வேண்டும் என்றது.

அன்புள்ள பெற்றோரே, நிச்சயதார்த்தத்துக்கு முன்னரே மகளை வகுப்புக்கு அனுப்புங்கள், மகனையும் அனுப்புங்கள். எங்கள் அருட்சகோதரிகளிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. தையலும் சமையலும் கற்றுத் தருகிறீர்கள். பெரியவர்கள் மனம் நோகாமல் 'வேண்டாம்' என்று சொல்லவும் நன்னெறி வகுப்பில் கற்றுத் தாருங்கள். பங்குத் தந்தையரோ, ஓலை எழுத உட்காரும்போதே அந்தச் சான்றிதழைக் கேட்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.