பல் வைத்தியனுக்குத் தாவரவியல் எதற்கு?

பல்லைப் பிடுங்கப் போகிறவனுக்குப் பனையின் வேரைப் பற்றி என்ன கவலை என்று கேட்டு நகைக்கும் மேதாவிகள் சிலர் நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். நகைப்போடு நின்றிருந்தால் நாம் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். அவர்களுட் சிலர் தனியார் வகுப்புகளில் ஆசிரியர்களாக அமர்ந்து, உயர்தர உயிரியலிலே தாவரப் பகுதியை ஒதுக்கிவிடுமாறு நமது பிள்ளைகளுக்கு உபதேசமும் செய்கின்றனர்!

சென்ற மாதம் காணி வழக்கொன்றின் பொருட்டு என்னிடம் வந்த புகையிலைக் கமக்காரர் ஒருவர், பல் மருத்துவ பீடத்தில் நுழைய விரும்பும் தம் மகனையும் அழைத்து வந்திருந்தார். “ஐயா, காசு கொடுத்துத்தான் படிப்பிக்கிறேன், பாதியை விடச் சொல்கிறார்களாம், இது சரிதானா?” என்று கேட்டார். நான் பையனிடம், புகையிலையின் நுனியைக் கிள்ளினால் என்ன நேரும் என வினவினேன். பக்கத்து அரும்புகள் கிளம்பும், அவற்றையும் முறிக்காவிட்டால் இலை பெருக்காது என்று தயக்கமின்றிச் சொன்னான். ஏன் கிளம்புகின்றன என்பதற்கோ அவனிடம் விடையில்லை. நுனியரும்பிலிருந்து இறங்கும் ஓட்சின் பக்க அரும்புகளை அடக்கி வைக்கிறது என்ற பாடம், அவனுடைய ஆசிரியர் கிழித்தெறிந்த பக்கங்களில் இருந்தது. தோட்டத்தில் பாதியைக் கற்று வந்த பிள்ளைக்கு மறுபாதியை மறுப்பது எந்த நீதி?

தாவரத்துக்கும் பல்லுக்கும் தொடர்பில்லை என்போர் சாட்சிகளைக் கேட்கட்டும். பல்லின் வேர்க்குழாயை அடைக்கும் கட்டாபேர்ச்சா, மலாய் நாட்டு மரமொன்றின் பால். நாகவொட்சைட்டுடன் குழைத்துப் பல்லிலே பூசப்படும் இயூஜினோல், கராம்பின் எண்ணெய். 1880களில் பல் வைத்தியம் கண்ட முதலாவது விறைப்பு மருந்து, கோக்கா இலையிலிருந்து எடுத்த கொக்கெயின். இவையெல்லாம் கிடக்கட்டும். இலங்கை ஆண்களிடையே முதன்மையாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை அறியாத பல் வைத்தியர் உண்டோ? அதற்கு வழிகோலும் பாக்கும் புகையிலையும் ஆகாயத்திலிருந்தா வீழ்ந்தன? பாக்கு புற்றுநோயை விளைவிப்பது என 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெளியிட்ட நூல் கூறுகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் வாயின் மென்சவ்வை இறுக்கி, வாயைத் திறக்கவே முடியாதபடி செய்துவிடுகிறது. (புகையிலையால் வாழும் குடும்பங்கள் இதைப் படிக்கும்போது வருந்தக்கூடும். உண்மையை மறைப்பது எனக்கு வழக்கமன்று.)

இன்னொன்றையும் நினைவூட்டுவேன். 1971ஆம் ஆண்டுச் சருவகலாசாலை அனுமதியிலே, மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் சிங்கள மொழி மாணவன் 400க்கு 229 புள்ளிகள் பெற்றாற் போதுமென்றும், தமிழ் மொழி மாணவனுக்கு 250 வேண்டுமென்றும் விதித்தார்கள். அந்நாளில் தாவரவியல் தனிப்பாடம்; நான்கிலொன்று. அந்த இருபத்தொரு புள்ளிகளுக்காக நாம் எழுப்பிய குரல் நியாயமானது. அன்று பிறர் பறித்த புள்ளிகளுக்காகக் கொதித்தெழுந்த நாம், இன்று நமது கையாலேயே புள்ளிகளை எறிந்துவிட்டு வாளாவிருக்கலாமா?

இன்றைய அனுமதியோ இசட் புள்ளியின்படி நடைபெறுகிறது. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கியிருக்கிறார்கள். தசமத் தானங்களிலே விதி முடிவாகும் இம்முறையில், ஒரு பகுதியையே கைவிட்டவன் எதை நம்பிப் பரீட்சை மண்டபத்துள் நுழைவான்? உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுமே அவனுக்கு வேண்டும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யுமென்பது சூதாட்டம்.

தாவரப் பகுதி கடினமென்பதை நான் மறுக்கவில்லை. காழும் உரியமும் குறிப்புப் புத்தகத்திலே வெறும் சொற்கள். பூசணித் தண்டை மெல்லியதாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தவனுக்கு அவை கண்கண்ட பொருள்கள். நுணுக்குக்காட்டிகள் பல பாடசாலைகளிலே அலமாரிகளுள் பூட்டிக் கிடக்கின்றன. திறப்பு எவரிடமுள்ளது என்பதை அதிபர்தாம் சொல்லவேண்டும். பெற்றோரே, அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இவ்வாண்டில் எத்தனை நாள் அந்த அலமாரி திறக்கப்பட்டது எனக் கேளுங்கள். விடையை எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள்.