இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கலாமா?



கையில் ஒரு வேலை இருக்கும்போதே வேறொரு வேலையை நாடுவோரை, "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் பார்க்கிறாயா?" என்று பெரியோர் கடிந்துகொள்வதுண்டு. அந்த எச்சரிக்கையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே அதனினும் நல்லதொரு வேலையைத் தேடுவது குற்றமன்று. பிள்ளைகளின் படிப்பையும் குடும்பத்தின் உடல்நலத்தையும் எண்ணிப் பார்த்தால், சில வேளைகளில் அது கடமையும் ஆகும். நம் பகுதியில் அதற்குக் குறுக்கே நிற்பது சோம்பலோ அச்சமோ மட்டுமன்று. 'பாக்கி' என்னும் சிறு சொல்லுமே.

காவிரிக்கரையில் ஈரோட்டிற்கு எதிரே பள்ளிபாளையமும், பவானிக்கு எதிரே குமாரபாளையமும் விசைத்தறிகளால் வாழும் ஊர்கள். முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்த இவை, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவை. இங்கே தறிக்கு ஆள் சேரும்போது முதலாளி முன்பணம் தருவது நெடுநாள் வழக்கம். பிறகு திருமணம், பிரசவம், மருத்துவம் என்று அத்தொகை வளரும். வாரக்கூலி வீட்டுச் செலவிற்கே போய்விட, முன்பணம் குறையாமல் நிற்கும். வேறு தறிக்குப் போக விரும்புகிறவர் அதை மொத்தமாகக் கட்ட வேண்டும். கையில் பணமில்லாதவர் என் செய்வார்? புதிய முதலாளியிடம் வாங்கிப் பழைய முதலாளிக்குக் கொடுப்பார். முதலாளி மாறுகிறார், கடன் மாறுவதில்லை. கணவன் தறி ஓட்ட, மனைவி தார் சுற்ற, இருவர் உழைப்பும் ஒரே கடனுக்குப் பிணையாகிவிடும் வீடுகளும் உண்டு.

குமாரபாளையத்தின் இவ்வழக்கத்தை ஆராய்ந்த மானிடவியலார் கீர்ட் டி நேவ், 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் இதன் இரு பக்கங்களையும் காட்டினார். பாக்கி தொழிலாளியைக் கட்டுகிறது. ஆனால் பாக்கி கொடுத்தும் ஆள் நிலைப்பதில்லை என்று முதலாளிகளும் வருந்தினர். ஏனெனில், அதிகம் தருகிற தறிக்கு மாறிச் செல்லத் தொழிலாளிகளும் கற்றிருந்தனர். இது அவர்களுக்கு வெற்றியே. ஆயினும் ஒவ்வொரு மாற்றத்திலும் கடன் பெருகுமானால், அடுத்த மாற்றம் முன்னிலும் கடினமாகும் என்பதை மறத்தலாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டது. 1975 அக்டோபர் 25 முதலே அது செல்லும். முன்பணத்தைக் காரணமாக்கி, வேறு வேலைக்குப் போகும் உரிமையை ஒருவர் இழக்கும்படி செய்வதும் கொத்தடிமையின் அடையாளங்களில் ஒன்று என அது கூறுகிறது. அவ்வாறு கட்டுண்டவர் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும், 2000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதுபற்றி மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ முறையிடலாம். எல்லா முன்பணமும் கொத்தடிமை ஆகாது. தன்னுரிமை இழக்காமல் வாங்கிய நேரிய கடனைத் திருப்பிக் கொடுப்பதே நீதி. ஆனால் கடன் கொடுத்தவர் பணத்தைக் கேட்கலாமேயன்றி, ஆளைப் பிடித்து வைக்கலாகாது.

ஆதலால் வேறு வேலை தேடும் குடும்பத்தார் சிலவற்றை மனத்திற்கொள்வது நன்று. முதலாவது, வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாய்க்கணக்கு வழக்கிற்கே வழிவகுக்கும். இரண்டாவது, புதிய இடத்தைப் பற்றி ஆள் பிடிப்பவரை மட்டும் நம்பாது, அங்கே வேலை செய்வோரிடம் கேளுங்கள். கூலி எவ்வளவு, மாதத்தில் எத்தனை நாள் தறி ஓடும் என்பவை, முன்பணம் எவ்வளவு என்பதைவிட முக்கியம். மூன்றாவது, பழைய பாக்கிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள். கூடுதலாகக் கிடைக்கும் கூலியில் ஒரு பகுதியைக் கடனைக் குறைக்கவே ஒதுக்குங்கள். நான்காவது, புதிய வேலை உறுதியாகும்வரை பழையதை விடாதீர்கள். விடும்போது இரவோடிரவாகப் போகாமல், சொல்லிவிட்டுப் போங்கள்.

நூற்பாலைகளிலும் பிற ஆலைகளிலும் வருங்கால வைப்புநிதி பிடித்தம் உள்ளவர்கள், வேலை மாறும்போது அப்பணத்தை எடுத்துச் செலவிட்டுவிடுவது பெருநஷ்டம். 2014 முதல் ஒருவருக்கு ஒரே எண் என்ற முறை வந்துள்ளது. அதே எண்ணைப் புதிய இடத்தில் கொடுத்தால் பழைய கணக்கைத் தொடரலாம். ஓய்வூதியத்திற்குப் பத்தாண்டுச் சேவை வேண்டும். இடையில் பணத்தை எடுத்துவிட்டால் சேர்ந்த ஆண்டுகள் வீணாகக்கூடும்.

தறியும் தொழிலும் நடத்துவோர் இதை வாசிப்பீர்களானால், உங்களுக்கும் ஒரு சொல். முன்பணத்தால் கட்டப்பட்டவர் எப்போது விடுபடலாம் என்றே எண்ணிக்கொண்டிருப்பார். முறையான கூலியும் மரியாதையும் பெறுபவருக்கோ, பறப்பதைத் தேட வேண்டிய தேவையே இராது.