காகிதத்தில் அது காடே இல்லையாம்

ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். ஏன் ஐயா மரத்தை வெட்டுகிறீர்கள் என்று அரசைக் கேட்டால், அந்த நிலம் எப்போதோ வீடு கட்ட ஒதுக்கியாயிற்றே என்கிறார்கள். எப்போது ஒதுக்கினீர்கள்? யாரைக் கேட்டு ஒதுக்கினீர்கள்? முப்பது நாற்பது வருஷம் தானாக வளர்ந்து நிற்கும் மரத்துக்கு உங்கள் நிலப் பயன்பாட்டுப் பெருந்திட்ட வரைபடத்தில் பச்சை நிறம் இல்லையென்றால் அது மரமில்லையா? தூக்கணாங்குருவி உங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் கூடு கட்ட வேண்டுமா?

சிங்கப்பூரின் டோவர் காட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. 33 ஹெக்டர். பழைய ரப்பர் தோட்டமும் கம்பத்து மக்கள் வைத்த பழ மரங்களும் கைவிடப்பட்டுக் காடாகிப் போன இடம். 2003லிருந்தே குடியிருப்பு நிலம் என்றார்கள். பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். இயற்கைச் சங்கம் மாற்றுத் திட்டம் கொடுத்தது. 2021 ஜூலையில் முடிவு வந்தது: கிழக்குப் பாதியில் வீடு, மேற்குப் பாதி பிறகு பார்க்கலாம். உடனே எல்லாரும் கைதட்டினார்கள், பாதியாவது பிழைத்ததே என்று. எங்கே பிழைத்தது? மேற்கில் 5 ஹெக்டரை இயற்கைப் பூங்கா ஆக்குகிறோம் என்றார்கள். மற்றதன் தலையெழுத்தைத் தள்ளித்தான் வைத்தார்கள்.

தெங்காவில் 700 ஹெக்டர் புதுநகரம். அதற்குள் 100 மீட்டர் அகலத்தில் ஒரு காட்டுப்பாதை விட்டிருக்கிறார்கள், நன்றி சொல்லவேண்டுமாம். பிடாடாரி இடுகாட்டில் முன்னோர்களின் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். அந்தக் கல்லறைத் தோப்புக்குக் கடல் தாண்டி வந்துகொண்டிருந்த பறவைகளுக்கு 10 ஹெக்டர் பூங்காவை விட்டுவிட்டு ஏறத்தாழ 10,000 வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். 2021இல் கிராஞ்சியில் நடந்ததுதான் உச்சம். உயிரினங்களைக் கணக்கெடுக்கும் ஆய்வு முடியுமுன்னே 4.5 ஹெக்டர் மரங்களை வழித்துத் தள்ளிவிட்டு, தவறுதலாக நடந்துவிட்டது என்றார்கள். தவறுதலாக ஒரு காடு!

நீ இருக்கும் பொங்கோல் மட்டும் என்ன, வானத்திலிருந்து விழுந்ததா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் மலாய் மீனவர் கம்பமும் இருந்த கரைதான் இது. 1990இல் கடைசிப் பன்றிப் பண்ணையும் போயிற்று. 1996இல் பிரதமர் கோ சோக் டோங் ‘பொங்கோல் 21’ திட்டத்தை அறிவித்தார். நிலமும் நீரும் பசுமையும் சூழ்ந்த வாழ்க்கை என்று சொல்லித்தானே எங்களை இங்கே அழைத்தீர்கள்? அந்தப் பசுமையை நம்பித்தானே இத்தனை தொலைவு வந்து கடன் வாங்கி வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கினோம்? குடிவந்தபோது சன்னலுக்கு வெளியே தெரிந்த புதர்க்காடு இருந்த இடத்தில் இப்போது எதிர் புளோக்கின் சமையலறைதான் தெரிகிறது. என் மகளும் புது வீவக வீட்டுக்கான பிடிஓ வரிசையில்தான் நிற்கிறாள். வீடே வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் கெப்பல் கிளப்பின் கோல்ஃப் திடலை எடுத்து வீடு கட்ட முடிகிறதல்லவா? அப்படியென்றால் இன்னும் எத்தனை கோல்ஃப் திடல் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிவிட்டுக் காட்டுப் பக்கம் வாருங்கள்.

பொங்கோலில் எங்களுக்கு மிச்சம் கோனி தீவு. 133 ஹெக்டர் தீவில் பூங்கா என்று 2015இல் திறந்தது 50 ஹெக்டர்தான். ஒரு காலத்தில் டைகர் பாம் விற்ற ஹாவ் பார் சகோதரர்கள் அங்கே மாளிகை கட்டினார்கள். 1950இல் ஓர் இந்திய வணிகர் அதை வாங்கிக் கேளிக்கைத் தீவாக்கப் பார்த்து, அமெரிக்கப் பெயரை வைத்தார்; கேளிக்கை நிலைக்கவில்லை, பெயர் நின்றது. பிறகு கடலைத் தூர்த்துத் தீவைப் பெரிதாக்கினார்கள். தூர்த்த மணலில் யாரும் நட்டு வளர்க்காமல் சவுக்கு எழும்பிற்று. இருவாச்சி வந்தது, நீர்நாய் வந்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியாமல் ஒற்றைக் காளை ஒன்றும் அங்கே திரிந்தது. 2016இல் அது செத்தபோது பொங்கோலில் எத்தனையோ பேர் வருந்தினோம். இத்தனையும் தானாக வந்த இடம். அதிலும் ஒரு பகுதிக்கு வரைபடத்தில் குடியிருப்பு நிறம் தீட்டினீர்களே, கை கூசவில்லையா?

கனடாவின் ஒன்டாரியோவில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் வீட்டுப் பஞ்சத்தைச் சொல்லி, பசுமை வளையத்திலிருந்து 7,400 ஏக்கரை எடுத்தார்கள். ஸ்கார்பரோவை ஒட்டிய பிக்கரிங்கில் டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பகத்தின் சட்டத்தையே ரத்து செய்தார்கள். நம் தமிழ்ச் சனம் நெருங்கி வாழும் பகுதி அது. மக்கள் தெருவில் இறங்கினார்கள், தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை முகத்திரையைக் கிழித்தது. 2023 செப்டம்பரில் முதல்வர் டக் ஃபோர்டு மன்னிப்புக் கேட்டு, நிலத்தைத் திருப்பி வைப்பதாக அறிவித்தார். அவர்களுக்கு மீறப்பட்டதென்று விரல் நீட்ட ஒரு சட்டம் இருந்தது. எங்களுக்கு அதுகூட இல்லையே!

புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்பு, லாப்ரடோர், சுங்கை பூலோ. சட்டம் காக்கும் இயற்கை வனப்பகுதிகள் இந்த நான்குதான். சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வுக்கென்று தனிச்சட்டம் இந்த நாட்டில் கிடையாது. எங்கே செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது நிலத்தைத் திட்டமிடும் அரசு அமைப்புகளேதான். பெருந்திட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள், வரைவைக் காட்சிக்கு வைத்துக் கருத்துக் கேட்கிறார்கள். சொல்கிறோம். குறித்துக்கொள்கிறார்கள். உரக்கச் சொல்லவேண்டுமென்றால், அனுமதிச் சீட்டில்லாமல் பேசக்கூடிய ஹோங் லிம் பூங்காவுக்குப் போகவேண்டும். பொங்கோலின் காட்டுக்குப் பொங்கோலில் நின்று ஒரு பதாகை பிடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும்.

2001இல் எங்கள் கரைக்கு எதிரே இருக்கும் உபின் தீவில் செக் ஜாவாவைத் தூர்க்கப் புறப்பட்டவர்கள், மக்கள் கத்தியதால் நிறுத்தினார்கள். அன்று கேட்ட காது இன்றும் இருக்குமென்றால் இதைக் கேளுங்கள். கோனி தீவு முழுவதையும், கரை முதல் கரை வரை, அரசிதழில் ஏற்றிச் சட்டப்படி வனப்பகுதி ஆக்குங்கள். சுற்றுச்சூழல் ஆய்வுக்குத் தனிச்சட்டம் கொண்டு வாருங்கள். பொங்கோல்காரர்களே, அடுத்த வரைவுத் திட்டம் காட்சிக்கு வரும்போது உங்கள் புளோக்கைச் சுற்றி என்ன நிறம் என்று போய்ப் பாருங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், தமிழிலேயே கொடுங்கள்.