பீட்சாவுக்குக் கணக்கு இருக்கு... பரோட்டாவுக்கு?

ஏதாவது ஒரு பெரிய பர்கர் கம்பெனியின் பெயரை ஆப்பில் தட்டினால் போதும். எத்தனை கலோரி, எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு உப்பு என்று எல்லாம் வரிசையாக வந்து விழும். அதே ஆப்பில் "பரோட்டா" என்று தட்டிப் பாருங்கள். ஒரே பரோட்டாவுக்கு நாலைந்து எண்கள் வரும். அதில் எது பாபநாசம் கடைத்தெரு பரோட்டா? ஆப்புக்கும் தெரியாது, அந்த எண்ணை ஏற்றிய புண்ணியவானுக்கும் தெரியாது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020 விதிகளின்படி, மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்களும், ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எத்தனை கிலோகலோரி என்று மெனுவிலேயே போட வேண்டும். 2022-ல் இது நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள சங்கிலிக் கடைகளுக்கு 2018 முதல் இதே மாதிரி விதி உண்டு. ஆப்காரர்களுக்குச் சுலபமாகிவிட்டது. கம்பெனி கொடுக்கும் எண்ணை அப்படியே எடுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஆனால் தமிழ்நாட்டில் "பாஸ்ட் புட்" என்றால் என்ன அர்த்தம்? பர்கரா? தள்ளுவண்டியில் பெரிய வாணலி, பக்கத்தில் சாஸ் பாட்டில்கள், முட்டை பிரைட் ரைஸ், நூடுல்ஸ், சில்லி காலிஃபிளவர். அதுதான் இங்கே பாஸ்ட் புட், போர்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கும். கும்பகோணத்துக்கோ தஞ்சாவூருக்கோ படிக்கப் போய்விட்டு சாயங்காலம் பாபநாசம் ஸ்டேஷனில் இறங்கும் பையனின் பசியை ஆற்றுவது இந்த வண்டியும் பரோட்டா கடையும்தான். அவன் எப்போதாவது பிறந்தநாளுக்குச் சாப்பிடும் பீட்சாவுக்குத் துல்லியமான கணக்கு. வாரத்தில் நாலு நாள் சாப்பிடுவதற்கு வெறும் குத்துமதிப்பு. இது என்ன நியாயம்?

குத்துமதிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு சின்னக் கணக்கு. மைதா 100 கிராமுக்கு சுமார் 350 கிலோகலோரி. ஒரு பரோட்டாவுக்கு 60 கிராம் மாவு என்று வைத்தால் 210. இரண்டுக்கு 420. எண்ணெய் ஒரு மேசைக்கரண்டிக்கு சுமார் 120. மாஸ்டர் ஒரு பரோட்டாவுக்கு அரைக் கரண்டி ஊற்றினால் மொத்தம் 540, ஒரு கரண்டி ஊற்றினால் 660. சால்னா இன்னும் இலைக்கே வரவில்லை! ஆக, கணக்கு மாஸ்டரின் கையில் இருக்கிறது. அந்தக் கையைப் பார்க்காத ஆப், "ஒரு பரோட்டா 258" என்று கடைசி இலக்கம் வரை சொன்னால் அது தகவல் இல்லை, ஜோசியம்.

இன்னொரு விஷயம். கலோரி என்பது விற்றுமுதல் மாதிரி. வெறும் விற்றுமுதலைப் பார்த்து ஒரு கம்பெனி லாபத்தில் ஓடுகிறதா என்று சொன்னால் காமர்ஸ் வாத்தியார் வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார் :-) உப்பு எவ்வளவு? நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண்ணெய் எத்தனை தடவை காய்ந்தது? பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. இதை எந்த ஆப் காட்டுகிறது?

வாங்குபவனுக்குத் தெரியாதது விற்பவனுக்குத் தெரிந்திருந்தால் சந்தையே கெடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதினார், அதற்காகவே நோபலும் வாங்கினார். பரோட்டா கடையில் நிலைமை இன்னும் மோசம். விற்பவருக்கும் தெரியாது.

"பாவம், சின்னக் கடைக்காரர் லேபுக்கு எங்கே போவார்?" என்று கேட்பவர்கள் கேட்பது சரிதான். அவர் தலையில் இதைக் கட்டவே கூடாது. செய்ய வேண்டியவர்கள் வேறு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 உணவுப் பொருட்களின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் அரிசி, பருப்பு, காய் என்று சமைக்காத பொருட்கள். பச்சை மைதாவை யாரும் பார்சல் வாங்குவதில்லையே.

அங்கே விட்டதை இங்கே பிடிக்கலாம். பாபநாசத்திலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடும் தஞ்சாவூரில், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து நிற்கிறது நிஃப்டெம். லேப், ஆட்கள் எல்லாம் உண்டு. டெல்டாவில் அதிகம் விற்கும் 50 அயிட்டங்களை, பல ஊர் கடைகளில் வாங்கி, எடை போட்டு, சோதித்து, "இதிலிருந்து இது வரை" என்று வரம்போடு தமிழில் இலவசமாக வெளியிட என்ன தடை? ஒற்றை எண் வேண்டாம், நேர்மையான வரம்பு போதும். கடைப் பெயரும் வேண்டாம்.

திருப்பாலைத்துறை கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்னும் நிற்கிறது. கலம், மரக்கால், படி என்று நெல்லை அளந்து வாழ்ந்த பூமி இது. தட்டில் விழுவதை மட்டும் ஏன் அளக்காமல் விட வேண்டும்?

இது பொழுதுபோக்கு விவகாரம் இல்லை. இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. அப்பா மாத்திரை போடுகிறார், பையன் அவருக்கும் சேர்த்து பார்சல் கட்டுகிறான். ஒன்றா, இரண்டா என்று முடிவெடுக்க அந்த வீட்டுக்கு ஒரு நம்பகமான எண் வேண்டும்.

அரசாங்கம் நகரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு பழைய தலைப்பையே காப்பி அடிக்கும் மக்களே... ஒரு சின்னத் தராசு, ஒரு நோட்டு, பத்து கடை. மாவு எவ்வளவு, எண்ணெய் எத்தனை கரண்டி என்று மாஸ்டரிடம் மரியாதையாகக் கேட்டு எழுதினாலே, இப்போது ஆப்பில் இருப்பதைவிட நல்ல பட்டியல் கிடைக்கும்.