தவிலைக் காணோம்

அமராவதிக் கரையில் எங்கள் கொமரலிங்கம் ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் அடங்கிவிடும். பகல் முழுக்க பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் இரைச்சலைக் கேட்டுக் காய்ந்துபோன காதுக்கு அந்த நேரத்துப் பாட்டுதான் ஆறுதல். நேற்று, மாதாமாதம் பணம் கட்டும் செயலியில் ஒரு நாகஸ்வரக் கச்சேரி போட்டேன். பெயருக்குக் கீழே அட்மாஸ் என்ற சுற்றொலி முத்திரை. நாகஸ்வரம் தலையைச் சுற்றி அழகாகத்தான் வந்தது. தவில் ஆரம்பித்ததும் மனசு விட்டுப்போனது. கூடு மாட்டிய விரல் வலந்தலையில் விழும் அந்த வெட்டு எங்கே? அடி விழுவதற்கு முன்பே ஒரு பொசுபொசுப்பு. கைதட்டல் வடாம் பொரிகிற மாதிரி.

அதையே ஒலியில் எதையும் இழக்காத லாஸ்லெஸ் ஸ்டீரியோவில் போட்டேன். தவில்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இரண்டுக்கும் கலவை வேறு என்பார்கள், அதுவும் இருக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். சிடியில் இரண்டே சேனலுக்கு நொடிக்கு 1,411 கிலோபிட். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸுக்குச் சுற்றியுள்ள எல்லா ஒலிக்கும் சேர்த்தே பெரும்பாலும் 768 கிலோபிட்தான் உச்சம். ஸ்டுடியோவில் 128 தடம் வரை வைத்துக் கலக்கிய இசையைப் பதினாறு கட்டுக்குள் அடக்கி, அதையும் 5.1 சேனலாக மடித்து, 'இந்த ஒலி இந்தப் பக்கம்' என்று குறிப்பு மட்டும் கூடவே அனுப்புகிறார்கள். காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டதைத் தூக்கி எறிகிறார்கள். ஒலியைச் சுருக்கும் நல்ல கோடெக் இதைச் சாமர்த்தியமாகவே செய்யும், ஒத்துக்கொள்கிறேன். தவில், கடம், சலங்கை போல வெடுக்கென்று எழும் ஒலியில்தான் அது முதலில் மாட்டிக்கொள்கிறது. புளூடூத் ஹெட்போன் என்றால் இன்னொரு முறை அமுக்கல். நான் வயர் மாட்டித்தான் கேட்டேன். ப்ளூ-ரே தட்டில் இதே அட்மாஸ், கட்டுக்குள் அடக்கிய பிறகு மேலும் ஒன்றும் இழக்காமல் வருகிறதே!

எங்கள் தொழிலில் 180 ஜிஎஸ்எம் எடைத் துணி கேட்டவருக்கு 150 அனுப்ப முடியாது. துணியை வட்டமாக வெட்டித் தராசில் வைத்துவிடுவார்கள். இங்கே எதைத் தராசில் வைப்பது? முத்திரை இருக்கிறது, எண் இல்லை. எங்கள் பக்கம் சிக்னல் இறங்கும்போது இன்னும் குறைத்து அனுப்புகிறார்களா, அதுவும் திரையில் தெரிவதில்லை.

நொடிக்கு எத்தனை கிலோபிட் வருகிறது என்று கேட்டுச் செயலிக்காரர்களுக்கு எழுதினேன். 'உங்கள் சாதனத்துக்கு ஏற்ற உயர்ந்த தரம்' என்று பதில் வந்தது. மறுபடியும் எழுதியிருக்கிறேன், எண்ணை மட்டும் சொல்லுங்கள் என்று.